கரண்ட் போனாலும் நிற்கிற ஸ்க்ரூ

பிப்ரவரி 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயாலாவது நீங்கள் கேட்பதைவிட நானே எழுதுவது மேல்.

நீங்கள் வீட்டைக் காலி செய்தபோது லாரியில் ஏற்றி அனுப்பினீர்களே, நீங்களும் பாப்பாவும் கட்ட ஆரம்பித்த, கம்ப்யூட்டரில் வரைந்தபடி பலகையைக் குடைந்து வெட்டுகிற மெஷின், அதன் சட்டம் என் கடையில் கட்டிங் மேசைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. இத்தனை நாள் அதன்மேல் துணி பண்டல்களை அடுக்கி வைத்திருந்தேன். நேற்று பண்டல்களை இறக்கிவிட்டு, கூட வந்த பெட்டியைப் பிரித்தேன். நீளமாக, பளபளவென்று ஒரு தண்டு. அதன்மேல் உருளையாக ஒரு நட். விரலால் தொட்டாலே வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி ஓடியது. இவ்வளவு சுகமாக ஓட உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில், நட்டைத் தண்டின் முனைவரை ஓட்டிக் கழற்றிவிட்டேன்.

அவ்வளவுதான். உள்ளே இருந்த இரும்புக் குண்டெல்லாம் கொட்டி, நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி கடை முழுக்க ஓடிப்போயின. நான் தையல் மெஷினுக்கு அடியில் தலையை நுழைத்து, மிச்ச உடம்பை வெளியே விட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து எதிர்க்கடைப் பூட்டுக்காரர் உள்ளே வந்தார்.

"முகம் தெரியலை. யாரோன்னு பார்த்தேன். பேன்ட்டு பின்னாடி தையல் விட்டிருந்தது. சரி, டெய்லர்தான்னு தெரிஞ்சுபோச்சு" என்றார்.

ஊருக்கெல்லாம் தைக்கிறவன் பேன்ட். என்ன சொல்ல?

குண்டுகளை எல்லாம் பொறுக்கிவிட்டேன், ஒன்றைத் தவிர. அது எங்கே போய் ஒளிந்ததோ தெரியவில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் இருவரும் "அப்புறம்", "அப்புறம்" என்று மாறி மாறிச் சொல்லியே முடித்துவிடுகிறோம். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. எனக்கும் பத்தாவது பெயிலான கையெழுத்தைக் காட்ட ஒரு வாய்ப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த மெஷினை முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். என் காலர் அச்சு அட்டைகளைப் பார்த்து பாப்பா சிரிப்பாளே, "அப்பா, இதெல்லாம் எலி கடிச்ச மாதிரி இருக்கு. மெஷின் முடியட்டும், மெல்லிசு பலகையில வெட்டித் தர்றேன். அப்புறம் ஆயுசுக்கும் தேயாது" என்று. அட்டைகள் இன்னும் கொஞ்சம் தேய்ந்துவிட்டன.

சட்டம் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது. ஓட்டுகிற ஸ்க்ரூதான் முடிவாகவில்லை. பெட்டியில் இரண்டு வகை கிடக்கிறது. குண்டு போட்டது அவள் வாங்கியது. பித்தளை நட் போட்ட சாதா லீட் ஸ்க்ரூ நீங்கள் வாங்கியது. இதற்காக நீங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டை எனக்குத் தெரியும். போனைப் போட்டு, "அப்பா, நீங்க யார் பக்கம்?" என்று கேட்பாள். "நான் சாப்பாட்டுப் பக்கம்" என்று தப்பித்துவிடுவேன். இப்போது தப்பிக்க முடியவில்லை.

எதைப் போடுவது? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். அவசரமே இல்லை.

இங்கே நலம் என்று எழுதுவதுதான் முறை. முழங்கால் மட்டும் சம்மதிக்க மாட்டேன் என்கிறது.

அன்புடன்,
உங்கள் மாமா


பிப்ரவரி 16

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை பேக்டரி கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். பேன்ட் தையல் வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்து அவர்கள் பார்த்து நாளாகியிருக்கும்.

வெட்கப்படாதீர்கள் மாமா. மெயின்டனன்ஸில் சேர்ந்த முதல் வாரம் நானும் இதையேதான் செய்தேன். நட்டைக் கழற்றும்போது தண்டின் முனையில் ஒரு குழாயைச் சேர்த்துப் பிடித்து அதன்மேல் ஓட்டிவிட வேண்டும், குண்டு கொட்டாது. எனக்கு யாரும் சொல்லவில்லை. தரையெல்லாம் குண்டு. டிராயிங் செக்‌ஷனிலிருந்து ஏதோ அளவு கேட்க வந்த ஒரு பெண், கேட்க வந்ததை விட்டுவிட்டு உட்கார்ந்து கூடவே பொறுக்கினாள். அன்றைக்குத்தான் எங்களுக்குப் பழக்கம். அவள் உங்களிடம் வேறு ஏதாவது சொல்லியிருப்பாள்.

ஒரு குண்டு குறைந்தாலும் நட் ஓடும். கவலை வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு: குண்டு போட்டதையே, அதாவது பால் ஸ்க்ரூவையே போடுங்கள். அவள் சொன்னதுதான் சரி. உள்ளே குண்டு உருள்வதால் உராய்வு குறைவு. சின்ன மோட்டாரே தள்ளிவிடும். தேயாது. முன்னே போய்த் திரும்பும்போது ஆட்டம் இருக்காது, அளவு அப்படியே நிற்கும். லீட் ஸ்க்ரூவில் பித்தளையும் இரும்பும் உரசிக்கொண்டே ஓடும், நாளாக ஆக நட் தேயும். நான் அதற்காகச் சண்டை போட்டது சிக்கனத்துக்காக. கொஞ்சம் வீம்புக்காகவும்.

மாமா, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். இவ்வளவு சிரமம் எதற்கு? வேண்டுமென்றால் வாங்க ஆள் பார்க்கிறேன். அந்தச் சட்டத்தை நான் அனுப்பியதே, கண்ணெதிரே நிற்க வேண்டாம் என்றுதான்.

முழங்காலுக்கு டாக்டரைப் பாருங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


மார்ச் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

விற்க வேண்டாம். துணி பண்டலை வைக்கவாவது ஒரு இடம் வேண்டுமே எனக்கு.

உங்கள் கடிதத்தை நன்றாகப் படித்தேன். படித்துவிட்டு, நீங்கள் அன்றைக்குச் சொன்னதுதான் சரி என்று முடிவு செய்தேன்! லீட் ஸ்க்ரூதான். எனக்கு அது புரிகிறது. பூட்டுக்காரர் கடையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் இருக்கிறதே, அதே ஜாதி. கழற்றினால் எதுவும் கொட்டாது. பேன்ட் கிழிந்தாலும் யாருக்கும் தெரியாது.

பாருங்கள், நீங்கள் அவள் பக்கம் போய்விட்டீர்கள், நான் உங்கள் பக்கம் வந்துவிட்டேன். அவள் இருந்தால், "ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கிண்டல் பண்றீங்களா?" என்று கேட்டிருப்பாள்.

ஆனால் மாட்டிப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. கையால் சுற்றினேன். முன்னால் போகும்போது நன்றாகத்தான் போகிறது. திரும்பச் சொன்னால்தான் பிரச்சினை. ஸ்க்ரூ சுற்றுகிறது, பலகை அசைய மாட்டேன் என்கிறது. கொஞ்சம் சும்மா சுற்றிய பிறகுதான் "ஓ, என்னையா கூப்பிட்டே?" என்று நகர்கிறது. நம் போன் பேச்சு மாதிரியே இருந்தது. இதைத்தானே ஆட்டம் என்று எழுதியிருந்தீர்கள்? தையலில் நூல் அளவு பிசகினால் உள்ளே மடித்து அமுக்கிவிடலாம். பலகையை மடிக்க முடியுமா?

ஆகவே பால் ஸ்க்ரூவுக்கே வந்துவிட்டேன். பிறகு அந்தத் தொலைந்த குண்டு நினைவுக்கு வந்தது. மறுபடி லீட் ஸ்க்ரூ. ஸ்ப்ரிங் வைத்து ஆட்டத்தை எடுக்கிற நட் ஒன்று உண்டாமே? அது எப்படி? விவரமாக எழுதுங்கள். அகலத்துக்கு ஒன்று, நீளத்துக்கு ஒன்று என்று கலந்து போட்டால் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகுமா? அதையும் எழுதுங்கள். கூடவே, ஸ்க்ரூவுக்கு என்ன எண்ணெய் போடுவது? என் தையல் மெஷின் எண்ணெய் ஆகுமா? இது தனிக் கேள்வி. தனிக் கடிதத்தில் எழுதினாலும் சரி.

பூட்டுக்காரர் தினமும் வந்து பார்க்கிறார். "பொண்ணு பார்க்கிறவன்கூட இவ்வளவு இழுக்க மாட்டான்யா. ரெண்டுல ஒண்ணைக் கட்டு" என்கிறார். அவருக்கு என்ன தெரியும்? ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. அவர் வாழ்க்கை சுலபம்.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா? கேன்டீனில் சாப்பிட்டால் இரவுக்கு என்ன? சட்டை அளவு மாறியிருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
மாமா


மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

தையல் மெஷின் எண்ணெய் மிகவும் மெல்லியது, பால் ஸ்க்ரூவுக்குக் கிரீஸ் போடுங்கள். ஸ்ப்ரிங் நட் என்பது இரண்டு நட். நடுவில் ஸ்ப்ரிங் இரண்டையும் எதிரெதிரே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் ஆட்டம் தெரியாது. கலந்து போடலாம், ஒத்துப்போகும்.

உண்மையில் கலந்துதான் போட வேண்டும். நான் முன்பு எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. குடைகிற மோட்டாரை மேலும் கீழும் தூக்குகிற ஸ்க்ரூவுக்குப் பால் ஸ்க்ரூ ஆகாது. அது விரலால் தள்ளினாலே சுற்றும். நிமிர்த்தி வைத்தால், கரண்ட் இருக்கிறவரைதான் பாரத்தைப் பிடித்து நிறுத்த முடியும். கரண்ட் போன நொடியே சறுக்கிக் கீழே வந்து பலகையைக் குத்தும். லீட் ஸ்க்ரூ அப்படி இல்லை. உராய்வுதான் அதன் குறை. அந்த உராய்வே பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் நின்ற இடத்தில் நிற்கும். அவளிடம் இதைச் சொல்லிச் சண்டையை ஜெயிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். அந்த வாரம்தான் காய்ச்சல் என்று படுத்தாள்.

மாமா, நீங்கள் ஏன் முடிவு செய்யாமல் இழுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான். ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதிவிடலாம். அடுத்ததற்கு ஏதாவது இருக்கட்டும் என்று ஒன்றை மிச்சம் வைத்துவிடுவேன்.

இதை மட்டும் மிச்சம் வைக்க முடியாது. நான்கைந்து நாளாக எழுதிக் கிழிக்கிறேன்.

எங்கள் ஸ்டோரில் வேலை செய்கிற ஒருவர். கணவர் தவறிப் பல வருஷம் ஆகிறது. நல்ல மாதிரி. என்னைப் பற்றி எல்லாம் தெரியும். ஜூனில் ரிஜிஸ்டர் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. உங்களிடம் சொல்லாமல் சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லவும் வாய் வரவில்லை.

இன்னொன்று. அவருடைய அண்ணன் நிதானமாகத்தான் கேட்டார். "பழைய வீட்டோட போக்குவரத்து இருந்தா, என் தங்கச்சி அங்க எந்த இடத்துல நிக்கும்? நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் கேட்டதில் தப்புச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "மெஷின் ஒண்ணு பாதியில நிக்குது. அதை முடிச்சுக் கொடுத்துட்டு வந்துடறேன், அதோட சரி" என்றேன். அவரும் சரி என்றார்.

அதனால் மாமா, எந்த ஸ்க்ரூ என்று நீங்கள் சொல்லுங்கள். வாங்கிக்கொண்டு நானே வந்து மாட்டித் தருகிறேன். நீங்கள் சொல்கிற வரைக்கும் காத்திருக்கிறேன். எத்தனை நாளானாலும் சரி.

மன்னித்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, சீருடை வேலை அதிகம் என்று எழுதலாம் என்று பார்த்தேன். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாள் இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். எனக்குப் பொய்யில்கூட அளவு சரியாக வராது.

மன்னிப்பு என்ற சொல்லை அடுத்த தடவை என் கடைப்பக்கம் கொண்டுவராதீர்கள். நீங்கள் செய்தது நல்ல காரியம். தனியாக இருந்து பார்த்தவன் நான். பாப்பா அரைப்பாவாடை கட்டுகிற வயதில் அவள் அம்மா போனாள். "இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோ" என்று எல்லோரும் சொன்னார்கள். "முதல்ல இந்தச் சட்டைக்குப் பட்டன் கட்டிட்டு வர்றேன்" என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன். பட்டன் கட்டி முடிந்தது. வீட்டுக்குப் போனால் பேச்சுக்கு ஆளில்லை. நீங்கள் அப்படி ஆக வேண்டாம்.

அந்த அண்ணன் கேட்டதும் நியாயம். நான் அண்ணனாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். இவ்வளவு நிதானமாகக் கேட்டிருக்க மாட்டேன்.

பூட்டுக்காரரிடம் சொன்னேன். "மாப்பிள்ளைக்குக் கல்யாணம்" என்றேன். "யார் மாப்பிள்ளைக்கு?" என்றார். "என் மாப்பிள்ளைக்குத்தான்" என்றேன். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற மனுஷன். அன்றைக்கோ கையில் இருந்த பூட்டைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

ஸ்க்ரூ முடிவாகிவிட்டது. நீளத்துக்கு அவள் வாங்கிய பால் ஸ்க்ரூ. அகலத்துக்கு அதே வகையில் புதிதாக ஒன்று வாங்கி வாருங்கள். மேலும் கீழும் தூக்குவதற்கு நீங்கள் வாங்கிய லீட் ஸ்க்ரூவை அளவுக்கு வெட்டி மாட்டுவோம். சண்டையில் அவளுக்கு இரண்டு பங்கு, உங்களுக்கு ஒரு பங்கு. உயிரோடு இருந்தபோதும் கணக்கு அப்படித்தானே இருந்தது.

இனிமேல் மாற்ற மாட்டேன். நம்பி வாங்கலாம்.

அவள் வரைந்து வைத்த காலர் அச்சு உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.

வரும்போது ஒரு வேளையாவது இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற மாதிரி வாருங்கள்.

அன்புடன்,
மாமா


ஏப்ரல் 27

அன்புள்ள மாமாவுக்கு,

வாங்கிவிட்டேன். கடைக்காரர் பெட்டியில் வைத்துக் கொடுத்ததும் முதல் வேலையாக, நட் கழன்றுவிடாமல் இரண்டு பக்கமும் டேப் சுற்றினேன்.

அந்த வரைபடம் இருக்கிறது. திறந்து பார்த்தேன். கழுத்தளவு என்று அவள் போட்டிருப்பது என்னுடையது. "முதல் சட்டை உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தாள், நான் மறந்தே போயிருந்தேன்.

ஞாயிறு காலை வண்டியில் வருகிறேன்.

மாப்பிள்ளை


மே 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. சட்டை. கல்யாணத்துக்கு வெள்ளை எல்லோரும் போடுவது என்று இளநீலம் எடுத்தேன். பலகை அச்சை வைத்துத்தான் காலர் வெட்டினேன். கத்தரிக்கோல் அதன் ஓரமாகப் போன விதத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். என் கை எனக்கே டெய்லர் கை மாதிரி தெரிந்தது. எலி கடித்த அட்டைகளை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டேன். அவள் தொண தொணவென்று சொல்லிக்கொண்டிருந்த வேலை, ஒரு வழியாக ஆயிற்று.

ஆனால் கழுத்தளவு அவள் போட்டபடி இல்லை. நீங்கள் இளைத்திருக்கிறீர்கள். அதனால் அச்சில் ஒரு நூல் உள்ளே வாங்கித்தான் வெட்டினேன். பக்கத் தையலில் துணியை உள்ளே விட்டிருக்கிறேன். இனிமேல் வீட்டுச் சாப்பாடு, உடம்பு போடும். அப்போது எந்த டெய்லரிடம் கொடுத்தாலும் பிரித்து விட்டுத் தருவான். தேடிப் பிடித்து நல்ல டெய்லராகக் கொடுங்கள்.

நீங்கள் வந்த அன்றைக்கு அளவு எடுக்கும்போது கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். கழுத்தளவுக்கு நேரே பார்த்தால் போதும். நானும் சொல்லவில்லை. டேப்பை வைத்து மறுபடி மறுபடி அளந்துகொண்டிருந்தேன், உங்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும் என்று.

மெஷின் நன்றாக ஓடுகிறது. நீங்கள் மெயினை அணைத்துக் காட்டினீர்களே, அதை நான் தினமும் ஒரு தடவை செய்து பார்க்கிறேன். மோட்டாரை மேலே ஏற்றி, சுவிட்சை அணைத்துவிட்டு, நின்று பார்ப்பேன். இறங்குவதில்லை. "நிக்குது மாமா" என்று நீங்கள் சொன்ன குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அவளை ஜெயித்த சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். அதைக் கேட்க அவளும் இருந்திருக்கலாம்.

பூட்டுக்காரர் வந்து மெஷின் ஓடுவதைப் பார்த்தார். "பரவாயில்லையே, ஓடிடுச்சே! இனிமே எதைப் பத்திய்யா கடிதம் எழுதுவே?" என்றார். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். பாதியில் அவர் குரல் இறங்கிவிட்டது. பிறகு, பழைய பூட்டு நன்றாகவே இருந்த என் அலமாரிக்கு ஒரு புதுப் பூட்டு மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தொலைந்த குண்டு கிடைத்துவிட்டது. நீங்கள் போன மறுநாள் பெருக்கும்போது, துணித் துண்டுகளோடு வந்தது. ஒன்று குறைந்தாலும் ஓடும் என்று எழுதியிருந்தீர்கள். ஓடுகிறது. ஆகவே அதை உள்ளே போடவில்லை. பட்டன் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பட்டன் எடுக்கும்போதெல்லாம் விரலில் சில்லென்று படுகிறது.

பார்சலில் அனுப்புநர் என்ற இடத்தில் "டெய்லர்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். வீட்டில் யாராவது கேட்டால் டெய்லர் அனுப்பியது என்று சொல்லுங்கள். பொய் இல்லையே. அந்தம்மாவுக்கும் ஒன்று தைக்க ஆசை, ஆனால் அளவு கேட்கிற இடத்தில் நான் இல்லை. என் ஆசீர்வாதத்தை எப்போதாவது, பொருத்தமான நேரம் பார்த்து, சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டாலும் பரவாயில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். சட்டை சரியாக இருக்கும். எனக்குத் தெரியும்.

நன்றாக இருங்கள்.

அன்புடன்,
மாமா

பின்குறிப்பு: உங்கள் பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் ஓடி வந்தேன். முழங்கால் இருக்கிற நிலையில் அதை ஓட்டம் என்று சொல்லக் கூடாது. "என்ன மாமா?" என்று தலையை வெளியே நீட்டிக் கேட்டீர்கள். "டிக்கெட் பத்திரம்" என்றேன். நான் கேட்க வந்தது அது இல்லை. மெஷின் என்றைக்காவது கெட்டுப்போனால், உங்களுக்கு ஒரு கடிதம் எழுதலாமா?